பதினெட்டு டிகிரியில் ஓர் ஓணான்

"மருமகன், உங்கட மாமா கடைக்குப் பாண் வாங்கப் போறன் எண்டு போய், ஒரு முதலையோட திரும்பி வந்திருக்கிறார். கெதியா வாங்கோ."

மாமி போனில் இதைச் சொன்னபோது நான் ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில் ஒரு பல் கிளினிக்கில், ஏணிமேல் நின்று ஏர்கோன் கழுவிக்கொண்டிருந்தேன். முதலை என்றதும் கை திடுக்கிட்டு, தண்ணீர்க் குழாய் திசைமாறி, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஆளுயரப் பல் படத்தைக் குளிப்பாட்டிவிட்டது.

"எவ்ளோ பெருசு மாமி?"

"ஒரு முழம் வரும்."

"கடிக்குதா?"

"இல்லை. என்னையே பாத்துக்கொண்டு கிடக்குது. தாடி வேற வச்சிருக்கு."

தாடி வைத்த முதலை உலகத்தில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாமி அரசாங்க ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தும் பதறாதவர். அவர் 'கெதியா வாங்கோ' என்று சொன்னால் போகத்தான் வேண்டும். பல்லைத் துடைத்துவிட்டு வேனை எடுத்தேன்.

ஈப்போவில் அவர்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் மாமா, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அணைக்கட்டைப் பார்வையிட வந்த அதிகாரிபோல நின்றுகொண்டிருந்தார். உள்ளே மணல் நிறத்தில் ஓர் ஓணான். கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. முகத்தில், வரிசையில் நிற்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போன குமாஸ்தாவைப் பார்க்கிற பார்வை.

"பியர்டட் டிராகன்" என்றார் மாமா. "ஆஸ்திரேலியா. லைசன்ஸ் எல்லாம் கிடக்கு." தாளை நீட்டினார். நான் கேட்கவேயில்லை.

"பென்சன் எடுத்தபிறகு பொழுது போகட்டும் எண்டு டாக்டர் இவரை ஏதாவது வளக்கச் சொன்னவர்" என்றார் மாமி. "அவர் சொன்னது மீன்."

"மீன் ஆளைப் பாக்காது" என்றார் மாமா.

இந்தச் செய்தியை அன்று சாயந்திரமே என் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவி வளர்ந்தவர். அந்த எஸ்டேட் இப்போது இரட்டை மாடி வீடுகளாகிவிட்டது. அவர் ருசி மட்டும் மாறவில்லை. "உடும்பு மாதிரியா இருக்கு?" என்று ஆர்வமாகக் கேட்டார். "கண்ணாடிப் பெட்டி, விளக்கு எல்லாம் போட்டு வளர்க்கிறாங்களா? நாங்கள்லாம் அதுக்கு மசாலாதான் போட்டோம்." இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சம்பந்திகளுக்குள் ஏற்கெனவே போதுமான இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. மாமா குடும்பம் யாழ்ப்பாணத் தமிழர்கள். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். அவர்கள் வீட்டில் டிகிரி என்றால் பட்டம். எங்கள் வீட்டில் டிகிரி என்றால் ஏர்கோன் ரிமோட்டில் இருப்பது. என் மனைவியும் நானும் எப்படிச் சேர்ந்தோம் என்பது வேறு கதை. கல்யாணப் பேச்சின்போது மாமா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஏர்கோன் எண்டால்... எஞ்சினியரோ?"

"இல்ல மாமா. ஏணி" என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருசமாக அவர் என்னிடம் தொழில் பற்றிப் பேசியதேயில்லை. சாப்பிட்டீரா, மழையா, வேனுக்கு ரோட்டு வரி கட்டிவிட்டீரா, இவ்வளவுதான். அதனால் அன்றைக்கு அவர் என்னைச் சோபாவில் உட்காரவைத்து, "இந்த வீட்டில தெர்மோஸ்டாட் விசயம் தெரிஞ்ச ஆள் எண்டால் நீர்தான்" என்றபோது நான் சோபாவின் நுனிக்கே வந்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஹாலில் ஏற்கெனவே ஒரு ராணி இருந்தார். மாமிக்கு ஏர்கோன் பதினெட்டில் இருக்கவேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு நாடகம் தொடங்கும்போது ரிமோட்டை அழுத்தினால் ஐந்து மணிக்குத்தான் நிறுத்துவார். "வார்டில ஃபேனுக்குக் கீழ பட்ட வெக்கையெல்லாம் இப்பதான் இறங்குது" என்பார். அந்த ஏர்கோனை மாட்டியது நான்தான். குறையில்லாமல் குளிரும். ஐந்து மணிக்கு நிறுத்தினதும் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அதே ஹாலை வடைச்சட்டி ஆக்கிவிடும்.

ஓணானுக்கோ, விளக்குக்குக் கீழே பாறைமேல் நாற்பது டிகிரி வேண்டும். தொட்டியின் மறுபக்கம் அதைவிட நன்றாகக் குறைந்து நிழலாக இருக்கவேண்டும். ஏர்கோன் ஓடும்போது விளக்கு நிறைய எரியவேண்டும். நிறுத்தினபிறகு அதே விளக்கு எரிந்தால் ஓணான் வற்றலாகிவிடும். "அங்கிள், தெர்மோஸ்டாட் மெஸ்தி, கட்டாயம் வேணும், இல்லாட்டி எடுத்துட்டுப் போகாதீங்க" என்று ஓணானை விற்ற பெட் கடைக்காரர் சொன்னாராம். மாமா எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மூண்டு மாடல் பாப்பம்" என்றார் மாமா. "ஒவ்வொண்டையும் சோதிச்சு, அறிக்கை எழுதி, பிறகு முடிவு." கையில் ஒரு புது ஃபைல் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'ஊர்வன: வெப்பக் கட்டுப்பாடு' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார். கொமிட்டித் தலைவர், அவர். தொழில்நுட்ப அதிகாரி, நான். மாமியைப் பார்வையாளர் என்று போட்டிருந்தார்; அது பிறகு பெரிய பிழையாக முடிந்தது.

"மூணு மாடலே வேணாம் மாமா" என்றேன் வீராப்பாக. "என் வேன்லயே ஒண்ணு இருக்கு."

ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் ஒரு மீன் கிடங்குக்குப் புதுப் பெட்டி மாட்டியபோது கழற்றின பழைய தெர்மோஸ்டாட் அது. நல்ல சாமான். சிவப்பு எழுத்தில் டிகிரி காட்டும், நீளமான ஒயரின் நுனியில் சென்சர். அதைத் தொட்டியின் நடுச்சுவரில் ஒட்டி, முப்பத்திரண்டில் வைத்து, விளக்கின் ஒயரைச் சேர்த்து, சுவிட்சைப் போட்டேன். அப்போது மணி ஐந்தரை, ஹால் கொதித்துக்கொண்டிருந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா மாமா? எரியுது."

மாமா என் தோளில் தட்டினார். ஒன்பது வருசத்தில் முதல் தட்டு. மாமி மட்டும் மூக்கைச் சுளித்து, "வீடு ஏன் நெத்திலி மணக்குது?" என்றார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மாமி அழைத்தார். "மருமகன், ஆள் கறுத்துப்போச்சுது."

"எந்த ஆள்?"

"உங்கட மாமா இல்லை. மற்றவர். விளக்கும் அணைஞ்சு கிடக்கு."

"பழகிக்கிட்டிருக்கு மாமி. புது எடம் லா."

ஆறு மணிக்கு மறுபடியும் போன். "இப்ப விளக்கு எரியுது. ஆள் வாயை ஆவெண்டு திறந்து சிரிச்சுக்கொண்டு நிக்குது."

"பாத்தீங்களா, சந்தோசமா இருக்கு."

மூன்றாம் நாளும் இதே நேரத்துக்கு இதே இரண்டு போன். மாமி சும்மா சொல்கிறவர் இல்லை. கோவிட் காலத்தில் வாங்கின, நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டார். தொட்டியின் மூடியைத் திறந்து, ஓணானின் நெற்றிக்கு நேராகப் பிடித்து அழுத்துவார். மத்தியானத்தில் அது 'லோ' என்று காட்டியது. சாயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, பீப் பீப் என்று கத்தி, 'ஹை' என்று காட்டியது. மனிதனுக்கு என்று செய்த மெசினுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. மாமி இரண்டையும் ஆஸ்பத்திரி முறைப்படி கட்டம் போட்ட தாளில் குறித்து வைத்தார்.

நான்காம் நாள் போய் அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

அந்த மாதிரி தெர்மோஸ்டாட் பெட்டியில் ஒரு சின்ன செட்டிங் உண்டு. குளிரூட்டவா, சூடாக்கவா என்று அது கேட்கும். குளிரூட்டு என்று வைத்தால், சூடு ஏறினதும் கரண்ட் விடும், குளிர்ந்ததும் நிறுத்தும். ஏர்கோனுக்கும் ஐஸ் கிடங்குக்கும் அதுதான் சரி. சூடாக்கு என்றால் நேர் எதிர். நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் அந்த செட்டிங்கைத் தொட்டதேயில்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் சூடு கேட்டதில்லை. ஆகவே மூன்று நாளாக அந்த ஓணான் குளிரில் நடுங்கும்போது இருட்டும், வெயிலில் வேகும்போது விளக்கும் பெற்று வந்திருக்கிறது. குளிரில் சூட்டை இழுக்கத்தான் கறுத்திருக்கிறது. சூடு தாங்காமல்தான் வாயைத் திறந்திருக்கிறது. சிரிக்கவில்லை.

"சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டிக்கு முன்னால் குனிந்தேன்.

"என்ன அட்ஜஸ்ட்மென்ட்?" மாமா பேனாவை எடுத்துவிட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் ஓணான் ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னேன். மாமா ஃபைலைத் திறந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'மாடல் 1. கருவியில் குறை இல்லை. குறை: தொழில்நுட்ப அதிகாரி.'

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், அவள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். "பரவால்ல, அப்பா உங்களைப் பத்தி இவ்வளவு நீளமா எழுதினதே இல்ல."

செட்டிங்கை மாற்றியாகிவிட்டது. சென்சரையும் விளக்குக்குக் கிட்டே பாறைமேல் நகர்த்தி, நாற்பதில் வைத்தேன். இனிமேல் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். சரியாகத்தான் வேலை செய்தது, அதுதான் கஷ்டம். பாறை நாற்பதைத் தொட்டதும் பெட்டி டிக் என்று விளக்கை அணைக்கும். ஏர்கோன் காற்றில் பாறை உடனே குளிரும். டிக், விளக்கு எரியும். டிக், அணையும். நாடகம் பார்த்துக்கொண்டிருந்த மாமியின் முகத்தில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழ, ஓணான் ஒவ்வொரு டிக்குக்கும் கண்ணை மூடித் திறந்தது. எரிவதற்கும் அணைவதற்கும் உள்ள டிகிரி இடைவெளியைக் கூட்டிப் பார்த்தேன். அப்போது ஓணான் நெடுநேரம் இருட்டில் கிடந்து மறுபடியும் கறுத்தது. குறைத்தேன். மறுபடியும் திருவிழா விளக்கு.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அங்கிள், யூ ஓபன் கராவோகே ஆ?" என்று கேட்டார். செட்டிங் மாற்றின நான்காம் நாள் பல்பு டப்பென்று போனது. மாமா அதையும் எழுதினார்.

இதற்கிடையில் மாமிக்கு வேறு கவலை. ஒரு நாள் காலையில் நான் போனபோது சமையலறையில் பப்பாளியைக் குட்டிக் குட்டியாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு மாமி?"

"எட்டு நாளாச்சு. ஆளுக்கு மோஷன் இல்லை."

இதை அவர் சொன்ன தொனியில், வார்டில் நாற்பது கட்டில் நிசப்தமானதுபோல இருந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். மாமி பெட் கடைக்காரருக்குப் போன் போட்டு, மருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் சொன்னது எனக்கும் கேட்டது: "அக்கா, மருந்து வேணாம். சூடு சரியா இருந்தாத்தான் அதுக்கு சீரணமே ஆகும். சூடு ஏறி எறங்குனா வயிறு வேலை செய்யாது. என்ன தெர்மோஸ்டாட் வச்சிருக்கீங்க?"

மாமி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மீன் பெட்டியிண்ட" என்றார் மாமி.

போனை வைத்ததும் கத்தியைக் கழுவி, கையைத் துடைத்து, கைப்பையை எடுத்தார். "கொமிட்டி போதும். நோயாளிக்கு மலச்சிக்கல். மருமகன், வேனை எடுங்கோ."

மாமா ஃபைலோடு எழுந்தார். "நீங்கள் பப்பாளியைக் குடுங்கோ" என்று மாமி அவரை உட்காரவைத்துவிட்டார்.

பெட் கடைக்காரர் கை முழுக்கப் பாம்பு பச்சை குத்தின, மெதுவாகப் பேசுகிற ஆள். மேசைமேல் மூன்று பெட்டிகளை வைத்து விளக்கினார். ஒன்று, எங்கள் மீன் பெட்டி மாதிரி, எரி, இல்லையென்றால் அணை. தொட்டிக்கு அடியில் போடுகிற சூட்டுப் பாய்க்கு அது போதும். இன்னொன்று, கரண்டைத் துண்டு துண்டாக விடுவது. வெளிச்சமே இல்லாத பீங்கான் ஹீட்டருக்கு. மூன்றாவது, விளக்கின் பிரகாசத்தையே மெல்லக் கூட்டிக் குறைப்பது. அடுப்புத் தீயைச் சிறிதாக்குவதுபோல.

நான் பெருமையாக முன்னால் வந்து, எத்தனை வாட் தாங்கும், ஒயர் எவ்வளவு நீளம் என்று கேட்டேன். மாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் கேள்வியைப் போட்டார்.

"தம்பி, இது பழுதாப்போனால் விளக்கு எரிஞ்சபடி நிக்குமோ, அணைஞ்சபடி நிக்குமோ?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, ஆறு வருசமா கடை வச்சிருக்கேன். இதை யாரும் கேட்டதில்லை."

"சேலைன் ட்ரிப் ஏத்திற ஆக்கள் கேக்கத்தான் வேணும்" என்றார் மாமி. "ஒயர் கழண்டால்? ஆள் அந்த நுனியை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணிக் கிண்ணத்தில போட்டால்?"

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மாமியிடம் அப்போது அந்தத் துப்பாக்கி இருந்திருந்தால் என் நெற்றியும் 'ஹை' என்றுதான் காட்டியிருக்கும். பலருக்குக் குளிர் வாங்கிக் கொடுத்த நான், பழுதானால் என்ன ஆகும் என்று அந்த ஜீவனுக்காக ஒருதரம்கூட யோசிக்கவில்லை. கடைக்காரர் உள்ளே போய், மங்கலாக்கும் வகையிலேயே இன்னொரு மாடல் எடுத்துவந்தார். சென்சர் ஒயர் கழன்றால் கரண்டை நிறுத்திவிடும். சூடு எல்லை தாண்டினால் கத்தும். ஒயரைப் பாறையோடு அசையாமல் கட்ட ஒரு பிடியும், விளக்குக்குக் கம்பிக் கூடும் சேர்த்து வாங்கினோம்.

வீட்டில் மாட்டும்போது மாமி பக்கத்திலேயே நின்று, "சூடாக்கிற பக்கம்தானே?" என்று மூன்று தடவை கேட்டார். மாமா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் வாடிப்போயிருந்தார். இரண்டு மாடலோடு முடிவெடுப்பது அவருடைய உத்தியோக வாழ்க்கையில் நடக்காத ஒன்று.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் நடந்தது. மாமி ரிமோட்டை எடுத்தார். பதினெட்டு. பீப். பத்தொன்பது. பீப். இருபத்தைந்து வரைக்கும் போய் நிறுத்திவிட்டு, நாடகத்தைப் பார்க்க உட்கார்ந்தார்.

மாமா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏர்கோன் மாட்டின நாள் முதல் அவருக்காக ஒரு டிகிரிகூட ஏறாத ரிமோட் அது. "எனக்குக் குளிருது எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்" என்றார் மெல்ல.

"உங்களுக்கு ஸ்வெட்டர் இருக்கு" என்றார் மாமி. "அவருக்கு இருக்கோ?"

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் வந்திருந்தாள். சாப்பிட்டபிறகு நாங்கள் நால்வரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஏர்கோன் இருபத்தைந்தில் ஓடியது. விளக்கு சீராக எரிந்தது. காற்று அந்தப் பக்கம் வீசும்போது கொஞ்சம் பிரகாசமாகும், பிறகு மங்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பெட்டியில் நாற்பது என்ற எண் அசையாமல் நின்றது. ஓணான் பாறைமேல் வயிற்றைப் பரப்பி, நல்ல மஞ்சளாகப் படுத்திருந்தது.

கால் மணி நேரம் போனது.

"ஒண்டும் நடக்கேல்லையே" என்றார் மாமா.

"ஒண்ணும் நடக்காததுதான் மாமா வேலை" என்றேன். "ஏர்கோனும் அப்படித்தான். சரியா மாட்டினா யாரும் நம்மள நெனைக்க மாட்டாங்க."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரத்தில் ஓணான் பாறையைவிட்டு இறங்கி, நிழல் பக்கம் நடந்து, வாலைத் தூக்கி, கண்ணை மூடி, எட்டு நாளும் அதற்குமேலும் சேர்த்துவைத்திருந்ததை எல்லார் முன்னாலும் இறக்கிவைத்தது.

மாமி கை தட்டினார். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் எழுந்து நின்றேன், ஏன் என்று எனக்கே தெரியாது. ஏதோ தேசிய கீதம் பாடுவதுபோல ஒரு மரியாதை. மாமா அவசரமாக ஃபைலைப் புரட்டி, "அளவு எவ்வளவு எண்டு எழுதுறது?" என்று கேட்டார்.

"நோர்மல் எண்டு எழுதுங்கோ" என்றார் மாமி.

அன்றைக்கு மாமா சொல்ல வாயெடுத்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் போன் பண்ணி, "இண்டைக்கு உமக்கு எங்க வேலை?" என்று கேட்டார்.

"லூமுட் மாமா. ஒரு ஹோட்டல்ல ஆறு யூனிட் சர்வீஸ்."

"வேனில இடம் இருக்கோ?"

இப்போது செவ்வாயும் வியாழனும் மாமா என்னோடு வருகிறார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. ஏணியின் அடிக்காலைப் பிடித்துக்கொள்வார். மேலே நான் கழுவும்போது, கீழே வீட்டுக்காரர்களைப் பிடித்துவைத்து, ரிமோட்டை எத்தனையில் வைக்கவேண்டும் என்று மலாயில் பேட்டி எடுப்பார். பதினெட்டு என்று யாராவது சொன்னால் முகம் வாடிவிடும். போன வாரம் ஒரு முடிதிருத்தும் கடையில், வாடிக்கையாளர் ஒருவர் அவரைப் பார்த்து, "இந்த அங்கிள் என்ன, எஞ்சினியரா?" என்று கேட்டார்.

மாமா ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, "இல்லை. அசிஸ்டென்ட்" என்றார்.